மாற்று கார்ட்ரிட்ஜ், ரீஃபில் மை: சின்ன இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரிண்டரோடு வந்த மை சில மாதங்களில் தீர்ந்துவிடும். ஒரிஜினலில் புதிதாக ஒரு கறுப்பும் ஒரு கலரும் வாங்கப் போனால், இரண்டும் சேர்ந்து பிரிண்டர் விலையையே தொட்டு நிற்கும். பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் பார்க்கும் வியாபாரம் இது. அந்த விலையைப் பார்த்துத் திகைத்துப் போய்த்தான் பலரும் "வேற மை போடலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இந்தச் சின்ன பிரிண்டர்களைப் பல வருடமாகக் கழற்றி, துடைத்து, மை நிரப்பி வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், வேறு மை போடலாமா?

போடலாம். ஆனால் உங்கள் பிரிண்டரில் ஹெட், அதாவது மையைத் தாளில் துளித்துளியாகத் தெளிக்கும் பாகம், எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எந்த மை, எவ்வளவு துணிச்சல், யாரிடம் வாங்குவது என்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

ஹெட் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கார்ட்ரிட்ஜைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு பளபளப்பான பட்டை இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் கோடு கிழித்ததுபோல நுண்ணிய துளைகளின் வரிசை தெரியும். அந்தத் துளைகள்தான் நாசில்கள். பின்பக்கம் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்தொடர்புகள் இருக்கும். இவை இருந்தால் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது என்று அர்த்தம். எச்பி டெஸ்க்ஜெட்டில் விலை குறைந்த மாடல்களும், கேனான் பிக்ஸ்மாவில் இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் மாடல்களும் இந்த ரகம்.

அடியில் மை வெளியேற ஒரு துவாரமும், பக்கத்தில் ஒரு குட்டி சிப்பும் மட்டும் இருந்தால் அது வெறும் மைப்பெட்டி. ஹெட் பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. எப்சன், பிரதர் பிரிண்டர்கள் இப்படித்தான். நான்கைந்து நிறங்களைத் தனித்தனியாகப் போடும் கேனான் மாடல்களும் இதே வகை.

முதல் ரகத்தில் மோசமான மை போட்டு ஹெட் அடைத்துக்கொண்டால் அந்தக் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டலாம், பிரிண்டருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது ரகத்தில் அடைப்பு பிரிண்டரின் ஹெட்டிலேயே விழும். அதை மாற்றுகிற செலவுக்குப் புது பிரிண்டரே வாங்கிவிடலாம். அதனால் முதல் ரகக்காரர்களுக்கு நான் தைரியமாக ரீஃபில் செய்யச் சொல்வேன். இரண்டாவது ரகக்காரர்களிடம், மாற்று மை போடுங்கள், ஆனால் மலிவிலும் மலிவான பாட்டிலை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கூடச் சொல்வேன்.

கம்பேட்டிபிள், ரீமேனுஃபாக்சர்டு, ரீஃபில், டூப்ளிகேட் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கம்பேட்டிபிள் என்பது வேறு நிறுவனம் புதிதாகச் செய்து, தன் சொந்தப் பெயரில் விற்கும் கார்ட்ரிட்ஜ். ரீமேனுஃபாக்சர்டு என்பது பயன்படுத்தி முடித்த ஒரிஜினல் கூட்டைச் சேகரித்து, சுத்தம் செய்து, மை நிரப்பி, சோதித்து விற்பது. அதே வேலையைச் சிரிஞ்சை வைத்துக்கொண்டு நீங்களே செய்தால், அல்லது கடைக்காரர் உங்கள் கண்முன் செய்தால், அது ரீஃபில்.

ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜில் "புத்தம் புதிய கம்பேட்டிபிள்" என்று யாராவது விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த ஹெட்டைப் புதிதாகச் செய்வது சாமானிய வேலை இல்லை. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய கூட்டில் நிரப்பியவைதான். அதில் தவறொன்றும் இல்லை, விற்பவர் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

டூப்ளிகேட் வேறு விஷயம். பெரிய நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் அப்படியே போலியாக அச்சிட்டு ஒரிஜினல் விலைக்கு விற்பது அது. அது மோசடி. தன் பெயரில் வரும் கம்பேட்டிபிள் மோசடி இல்லை.

எந்த மையாக இருந்தாலும் ஒன்றுதானே, வெறும் கலர் தண்ணீர்தானே?

இந்த எண்ணத்தால் வீணான ஹெட்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மையைத் தள்ளும் விதம் இரண்டு. எச்பி, கேனான் ஹெட்களில் ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடேற்றி இருக்கிறது. சில மைக்ரோ நொடிகளில் அது சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி மையில் ஒரு ஆவிக்குமிழை உண்டாக்கும். குமிழ் விரியும்போது ஒரு துளி மை வெளியே தெறிக்கும். எப்சன், பிரதர் ஹெட்களில் சூடே கிடையாது. மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகம் மையைப் பிதுக்கித் தள்ளுகிறது. சூட்டைத் தாங்க வேண்டிய மையும், தாங்கத் தேவையில்லாத மையும் ஒரே கலவையாக இருக்க முடியாது. சூடேற்றி ஹெட்டில் பொருந்தாத மை போட்டால் சூடேற்றியின் மேல் கருகிய படலம் படியும். இதற்குத் தொழிலில் கோகேஷன் என்று பெயர். கருகுவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பாத்திரத்தில் அடிப்பிடிக்கிறதே, அதேதான் அங்கேயும் நடக்கிறது. படலம் தடிக்கத் தடிக்கத் துளி சிறுத்து, அச்சு மங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது, டை மையும் பிக்மென்ட் மையும். டை மையில் சாயம் திரவத்தில் முழுக்கக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். பல சின்ன பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மூன்று நிறங்களும் டை. கறுப்பு எழுத்து ஈரம் பட்டாலும் அதிகம் கலையாமல், கலர் படம் மட்டும் வழிந்து ஓடுவது இதனால்தான். டை மைக்கென்று செய்த ஹெட்டில் பிக்மென்டை ஊற்றினால் துகள்கள் நாசிலில் தேங்கலாம். நாசிலின் வாய் ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் மையோடு வேறு ரக மை சேர்ந்தால் இரண்டும் திரிந்து கூழ் மாதிரி கட்டிக்கொள்வதும் உண்டு.

ஆகவே "எல்லா பிரிண்டருக்கும்" என்று எழுதிய பாட்டிலைவிட, உங்கள் கார்ட்ரிட்ஜ் எண்ணைச் சொல்லி விற்கும் பாட்டிலை எடுங்கள். ஒரு பிராண்டு மை நன்றாக ஓடினால் அதிலேயே நில்லுங்கள், மாற்றி மாற்றி ஊற்ற வேண்டாம்.

மை சுத்தமாகத் தீர்ந்த பிறகு நிரப்புவதுதானே சிக்கனம்?

இல்லவே இல்லை. சூடேற்றி ஹெட்டைக் குளிர்விப்பதே அதன் வழியாக ஓடும் மைதான். மை இல்லாமல் நான்கு பக்கம் ஓட்டினால் ஹெட் வெந்துவிடும், அதன்பின் எந்த மை ஊற்றினாலும் உயிர் வராது. தீர்ந்த கார்ட்ரிட்ஜை மேஜையில் பல வாரம் போட்டு வைப்பதும் அதே அளவு கெடுதல். உள்ளே பஞ்சு காய்ந்து, நாசிலில் மை இறுகிப் போயிருக்கும். எழுத்தில் முதல் வெளிறல் தெரிந்த அன்றே நிரப்புங்கள்.

வீட்டில் நானே நிரப்ப முடியுமா?

முடியும். பதறாமல் செய்தால் போதும். கறுப்பில் பழகிவிட்டுக் கலருக்குப் போங்கள்.

கீழே பழைய செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜின் மேல் உள்ள ஸ்டிக்கரை மெதுவாக உரித்தால் அடியில் துவாரங்கள் தெரியும். கலர் கார்ட்ரிட்ஜில் எந்தத் துவாரம் எந்த நிறத்துக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு துவாரத்திலும் புதிய பல்குத்தி ஒன்றை விட்டு, எடுத்து வெள்ளைத் தாளில் தொட்டுப் பாருங்கள். தாள் சொல்லும் நிறத்தை மட்டும் நம்புங்கள். நான் ஆரம்பத்தில் ஒரு படத்தைப் பார்த்து அப்படியே ஊற்றியதில் மஞ்சள் அறைக்குள் நீலம் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் கார்ட்ரிட்ஜில் மஞ்சள் கேட்டால் பச்சைதான் வந்தது. கலந்துவிட்ட நிறத்தைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

சிரிஞ்சில் மை எடுத்ததும் ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, தட்டி, காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஊசியைப் பஞ்சுக்குள் இறக்கி, மிகமிக மெதுவாக அழுத்துங்கள். ஒரு மி.லி.க்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் சரி. வேகமாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், உள்ளே மை இருந்தும் ஹெட்டுக்கு வந்து சேராது. எவ்வளவு ஊற்றுவது? ஒரிஜினல் பெட்டியில் எத்தனை மி.லி. என்று அச்சிட்டிருந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. துவாரத்தின் வாயில் மை பளபளவென்று மேலேறி வந்தால் அளவு மீறிவிட்டது, உடனே ஒரு துளியைத் திரும்ப உறிஞ்சி எடுங்கள். பஞ்சு மையைப் பிடித்து வைத்திருக்கும் இழுவிசையால்தான் கார்ட்ரிட்ஜ் தானாக ஒழுகாமல் நிற்கிறது. தளும்பத் தளும்ப ஊற்றினால் அந்தப் பிடி போய், பிரிண்டருக்குள் சொட்டும்.

இனி கடைசிச் சோதனை. டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்து, கார்ட்ரிட்ஜின் ஹெட்டை அதில் இரண்டு விநாடி ஒற்றி எடுங்கள். கறுப்பென்றால் ஒரே பட்டை, கலரென்றால் மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று விழ வேண்டும். மூன்றில் ஒன்று பாதியில் வெளிறி நின்றால் அந்த நிறத்தில் காற்றோ அடைப்போ இருக்கிறது. ஓரமெல்லாம் சேர்ந்து கலங்கலாக விழுந்தால் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். பட்டைகள் சரியாக வரும்வரை பிரிண்டரில் போடாதீர்கள்.

மேலே உள்ள துவாரங்களை டேப் போட்டு இறுக மூடிவிட வேண்டாம். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் மை கீழே இறங்காது. பழைய ஸ்டிக்கரையே தளர்வாக ஒட்டுங்கள்.

நிரப்பிய பிறகும் "மை இல்லை" என்றே காட்டுகிறதே?

காட்டத்தான் செய்யும். பெரும்பாலான சின்ன பிரிண்டர்கள் மையை நேரடியாக அளப்பதில்லை. எத்தனை துளி அடித்தோம் என்று கணக்கு வைத்துக் கழித்துக்கொண்டே வருகின்றன. நீங்கள் ஊற்றியது அந்தக் கணக்கில் ஏறாது. எச்பியில் செய்தி வந்தால் சரி என்று அழுத்திவிட்டு மேலே போகலாம். இரண்டு கார்ட்ரிட்ஜ் கேனான் மாடல்கள் பலவற்றில் இ13 (E13) அல்லது இ16 (E16) என்று வந்து நிற்கும். ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு பார்ப்பதை நிறுத்திவிட்டு அச்சிடத் தொடங்கும். அதற்கப்புறம் மை அளவைக் கவனிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

எப்சன் மாதிரியான மைப்பெட்டிகளில் சிப் காலி என்று சொல்லிவிட்டால் பிரிண்டர் நின்றுவிடும். சிப்பை மாற்ற வேண்டும், அல்லது ரீசெட் செய்ய வேண்டும். புது சிப்போடு வரும் கம்பேட்டிபிள் வாங்கிவிடுவது இந்த ரகத்தில் தலைவலி குறைவு.

நேற்று வரை ஓடிய மாற்று கார்ட்ரிட்ஜை இன்றைக்கு ஏற்க மறுக்கிறது. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் பிரிண்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் இணையம் வழியாகத் தானே அப்டேட் ஆகியிருக்கும். இதில் பெரிய அளவில் பேசப்பட்டது 2016 செப்டம்பர் 13 அன்று நடந்தது. எச்பி ஆஃபீஸ்ஜெட் வரிசைப் பிரிண்டர்கள் பல, மாற்று சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களை அன்று ஒரே நாளில் ஏற்க மறுத்தன. முன்பே உள்ளே வைத்திருந்த ஃபர்ம்வேர் அன்று விழித்துக்கொண்டது. கடும் எதிர்ப்பு வந்ததும், சரியாக அறிவிக்கவில்லை என்று எச்பி மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரையும் வெளியிட்டது. ஆனால் டைனமிக் செக்யூரிட்டி என்ற பெயரில் அந்த ஏற்பாடு புதிய மாடல்களில் தொடர்கிறது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பொருள், நம்மைக் கேட்காமல் தன் நடத்தையை மாற்றிக்கொள்வது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தடை சிப்பைத்தான் பார்க்கிறது, மையைப் பார்ப்பதில்லை. எச்பியின் சொந்த சிப் இருக்கும் பழைய கூட்டில் மை நிரப்பினால் தடை படாது என்று எச்பியே சொல்கிறது. ஆகவே இந்த மாடல்களில், வேற்று சிப் வைத்த கம்பேட்டிபிளைவிட ஒரிஜினல் கூட்டை ரீஃபில் செய்வதுதான் பத்திரம். பிரிண்டர் அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டை அணைத்தும் வைக்கலாம். பாதுகாப்புக் குறை ஏதும் சரிசெய்யப்பட்டால் அதுவும் வராது என்பதால், அணைத்தபின் பிரிண்டரை வைஃபையில் விடாமல் யுஎஸ்பி கேபிளில் ஓட்டுவது நல்லது.

"இந்தக் கார்ட்ரிட்ஜ் வேறு பிரிண்டருக்குப் பாதுகாக்கப்பட்டது" என்று வருகிறது. சரி செய்ய முடியுமா?

முடியாது. எச்பி பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. அது இயங்கும்போது போட்ட கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு பிரிண்டரோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிய கூட்டை யாரோ விற்று, அதில் மை நிரப்பி உங்களிடம் வந்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பிரிண்டரிலும் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள், உங்கள் காலிக் கூடு இன்னொருவருக்கு உதவும்.

பிரிண்டர் வாங்கும் முன்பே இதைப் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

எச்பியில் மாடல் எண்ணின் கடைசியில் 'இ' (e) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது எச்பி பிளஸ் திட்டத்தோடு வருவது. அந்தத் திட்டத்தைத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் பிரிண்டர் இருக்கும் காலம் முழுக்க இணையத்தோடும் எச்பி மையோடும் மட்டும்தான் ஓடும். ரீஃபில் செய்யும் எண்ணம் இருந்தால் அந்த இடத்தில் சம்மதம் கொடுக்காதீர்கள். எச்பியின் இன்ஸ்டன்ட் இங்க் என்ற மைச் சந்தாவில் வரும் கார்ட்ரிட்ஜும், சந்தா முடிந்தால் உள்ளே மை மீதி இருந்தாலும் நின்றுவிடும்.

மாற்று மை போட்டால் வாரண்டி போய்விடுமா?

போட்ட காரணத்துக்காக மட்டும் வாரண்டியை மறுப்பது பல நாடுகளில் செல்லாது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. ஆனால் அந்த மைதான் ஹெட்டைக் கெடுத்தது, மை ஒழுகித்தான் போர்டு போனது என்றால் அந்தப் பழுதை நிறுவனம் ஏற்காது. உங்கள் வாரண்டி அட்டையையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் பிரிண்டருக்குள் இருக்கும் ரகம் என்றால், வாரண்டி முடியும்வரை ஒரிஜினலிலேயே ஓட்டுங்கள் என்பது என் கருத்து.

காலிக் கூட்டில் மறுபடி நிரப்பி விற்பதே பேடன்ட் மீறலா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் டோனர் (லேசர் பிரிண்டரில் போடும் மைத்தூள்) கார்ட்ரிட்ஜ்களைப் பற்றியது. பொருளை விற்றதோடு அதன் மேலுள்ள பேடன்ட் உரிமையும் தீர்ந்துவிடுகிறது என்று 2017 மே 30 அன்று தீர்ப்பு வந்தது.

பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு விழுகிறது. என்ன செய்வது?

பிரிண்டரின் கிளீனிங் கட்டளையை ஒருமுறை ஓட்டி, எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கமான நாசில் செக்கை அச்சிடுங்கள். சரியாகவில்லை என்றால் இன்னும் ஒருமுறை. அதோடு நிறுத்திக்கொண்டு சில மணி நேரம் அப்படியே விடுங்கள், சிக்கிய காற்று தானே மேலேறிப் போவதுண்டு. கிளீனிங்கைத் தொடர்ந்து ஐந்தாறு முறை ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒவ்வொரு முறையும் மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் வேலையையே நிறுத்திவிடும்.

ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ் என்றால் கழற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவின் மேல் ஹெட் படும்படி பத்து நிமிடம் நிற்க வையுங்கள். பிறகு உலர்ந்த டிஷ்யூவில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். செம்பு நிறத் தொடர்புகளையும் இழை உதிராத துணியால் துடையுங்கள். கார்ட்ரிட்ஜையே அடையாளம் தெரியவில்லை என்று வரும் செய்திகள் பல, அங்கே படிந்த ஒரு விரல்ரேகையாலும் காய்ந்த மைத்துளியாலும் வருபவைதான்.

ஒரு கார்ட்ரிட்ஜை எத்தனை முறை நிரப்பலாம்?

காயவிடாமல் பார்த்துக்கொண்டால் நான்கைந்து முறை ஓடியதை என் கையில் பார்த்திருக்கிறேன். அதன்பின் சூடேற்றிகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் நாசில் செக்கில் அதே இடத்தில் அதே இடைவெளி வந்தால் அதன் காலம் முடிந்தது.

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு வருமா?

கலர் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற தரமுறைப்படி, குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை விடாமல் அச்சிட்டு எடுக்கும் கணக்கு அது. வாரத்துக்கு இரண்டு பக்கம் எடுப்பவருக்கு இடையிடையே நடக்கும் கிளீனிங்கிலேயே மை கணிசமாகப் போய்விடும், அதனால் குறைவாகத்தான் வரும். மாற்று கார்ட்ரிட்ஜில் தரமுறை பெயரே இல்லாமல் வெறும் பக்க எண்ணிக்கை மட்டும் போட்டிருந்தால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

போட்டோ அச்சிட மாற்று மை போதுமா?

பள்ளிக்கூட வேலை, படிவம், டிக்கெட், பாடக்குறிப்பு இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். சுவரில் மாட்டி வருடக்கணக்கில் வைக்கப்போகும் படத்துக்கு வேண்டாம். மலிவான டை மை வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் வெளுக்கும், அதிலும் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. சிவப்பு முந்திக்கொண்டு போனால் முகமெல்லாம் பச்சை பாரித்துத் தெரியும். அந்த ஒரு வேலைக்கு ஒரிஜினல் மையும் அதற்கான போட்டோ பேப்பரும் வாங்குங்கள், அல்லது ஸ்டூடியோவில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் பிரிண்டரைத் தொடுவதில்லை, பரவாயில்லையா?

எந்த மையாக இருந்தாலும் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் எடுங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனில் அணையுங்கள். பட்டனில் அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். சுவர் சுவிட்சைச் சட்டென்று தட்டினால் பாதி வழியில் திறந்தபடியே நின்று காயும்.

இவ்வளவு வேலைக்குப் பதில் இங்க் டேங்க் பிரிண்டரே வாங்கிவிடலாமா?

மாதம் நூறு பக்கத்துக்கு மேல் எடுப்பவர் என்றால் ஆமாம். கார்ட்ரிட்ஜுக்குப் பதில் பிரிண்டரிலேயே உள்ள தொட்டியில் பாட்டில் மையை ஊற்றி ஓட்டும் இந்த ரகத்தை எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் முதலில் கொண்டுவந்தது. பிறகு கேனானும் எச்பியும் பிரதரும் வந்தன. சாதாரணப் பிரிண்டர்களில் வெளியே பாட்டில் வைத்துக் குழாய் இழுத்து ஓட்டும் வழக்கம் அதற்கு முன்பே பரவியிருந்தது. பிரிண்டர் விலை கூடுதல், மை விலை மிகக் குறைவு. ஒரிஜினல் பாட்டிலே மலிவாகக் கிடைப்பதால் அதில் மாற்று மை ஊற்றி ஹெட்டைப் பணயம் வைக்க அவசியம் இல்லை. மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் இருக்கும் பிரிண்டரையே ரீஃபில் செய்து ஓட்டுங்கள்.

ரீஃபில் செய்ய முடியாமல் போன கார்ட்ரிட்ஜை என்ன செய்வது?

வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உள்ளே மீதி மை இருந்தால் ஹெட்டின் மேல் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் முடிந்து கொடுங்கள். ஹெட் இன்னும் நன்றாக இருக்கிறது, மை மட்டும் தீர்ந்தது என்றால், காயும் முன்பே ரீஃபில் கடையில் கொடுத்துவிடுங்கள்.